எலெனி காத்த சத்தியம்

மோர்டனில் ரயில் ஏறியதிலிருந்து யேசுரட்ணத்தின் வாய் ஓயவில்லை. இரண்டு வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்த மகள் ஷெறோன் வெள்ளிக்கிழமை மறுபடியும் கிளம்புகிறாள். அதற்குள் அவளுக்கு ஒன்றைக் காட்டிவிட வேண்டும். லண்டனில் குடியேறிய கிரேக்கர்களின் சாப்பாட்டைப் பற்றி ஒரு மியூசியத்தில் கண்காட்சி நடக்கிறது. அதில் ஆன்ட்ரேயாஸின் சாப்பாட்டுக் கடையும் இருக்கிறதாம். விசா இல்லாமல் ஒன்பது வருடம் யேசுரட்ணம் சமைத்த கடை.

"நீங்கள் அங்கை கோப்பைதான் கழுவினனீங்கள் எண்டு அம்மா சொல்லுறா," என்று ஷெறோன் சீண்டினாள்.

"கொம்மா வந்து பார்த்தவவே? இண்டைக்கு நீயே பார்."

கண்காட்சியில் அந்தக் கடையின் அடுப்பையே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். சுவர் முழுக்கப் படங்கள். ஷெறோன் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எங்கையப்பா உங்களைக் காணேல்லை?"

"கமெராவைக் கண்டால் பின்பக்கம் ஓடிடுவன். பிடிபட்டால் திருப்பி அனுப்பிப்போடுவாங்களெல்லே."

"நல்ல வசதிதான்," என்று சிரித்தாள்.

பக்கத்துத் திரையில் ஆன்ட்ரேயாஸின் மனைவி எலெனி பேசிக்கொண்டிருந்தார். கணவர் இறந்து பல வருடங்களுக்குப் பிறகு, தானும் சாவதற்குச் சில மாதங்கள் முன்பு கொடுத்த பேட்டி. சமையலுக்கு ஆள் வைத்திருந்தீர்களா என்று ஒரு குரல் கேட்டது. எலெனி சற்றுத் தயங்கினார்.

"இல்லை. நானும் அவரும் மட்டும்தான்."

விசா இல்லாதவர்களைத் தேடிக் கடைக்குச் சோதனைக்காரர்கள் வந்துபோன அன்று, யார் கேட்டாலும் தன்னைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று எலெனியைச் சிலுவையில் கை வைத்துச் சத்தியம் செய்ய வைத்தவர் யேசுரட்ணம்தான். விசா வந்ததும் வேறு வேலைக்கு மாறினார். இனிச் சொன்னால் பயமில்லை என்று ஓர் எட்டுப் போய்ச் சொல்ல இருபது வருடத்தில் அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. மனுசி அந்தச் சொல்லைக் கடைசிவரை காப்பாற்றியிருக்கிறார்.

"பிள்ளை, அவ எனக்காகத்தான் பொய் சொல்லுறா. நான்தான் சத்தியம் வாங்கினனான்."

ஷெறோன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். தெரு கடக்கும் கிழவரைப் பிடிப்பதுபோல அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓம் அப்பா. கோப்பை கழுவுறதும் வேலைதானே. நான் ஒண்டும் குறைவா நினைக்கேல்லை."

அந்த அடுப்பில் தான் வைத்த குழம்புகளின் பெயர்கள் வரிசையாக அவருடைய நாக்கு நுனிவரை வந்தன. சொல்லி என்ன? ஓமென்று சொல்ல இனி ஒருவரும் உயிரோடு இல்லை.

"வா, ட்ரெயினுக்கு நேரமாகுது," என்றார்.