அள்ளி ஊற்றிய தண்ணீர்

உங்கள் வளவில் ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள். குடியிருப்பவர் அந்த வளவுக் கிணற்றில் தன் கையால் தண்ணீர் அள்ளலாமா? பதில் சொல்லுமுன் அவருடைய சாதியைக் கேட்கத் தோன்றுகிறதா?

இலுப்பைக்கடவையில் யோகராசாவின் வளவில் இரண்டு வாடகை வீடுகளும் ஒரு கிணறும் இருந்தன. முன்வீட்டில் தபால்காரரின் மனைவி சிவக்கொழுந்து. பின்வீட்டில், வயல்வேலை செய்து இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்த விதவை இராசம்மா. சிவக்கொழுந்து தானே அள்ளுவாள். இராசம்மா குடத்தை நிலத்தில் வைத்துவிட்டு விலகி நிற்பாள். சிவக்கொழுந்து குடத்தில் வாளி படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவாள். பதினொரு வருடம் இப்படி. தண்ணீரில் பாதி மண்ணுக்குப் போகும்.

"என்ர குடத்தைவிட உங்கட வேலிக் கத்தரிதான் கூடக் குடிக்குது அம்மா," என்பாள் இராசம்மா. இருவரும் சிரிப்பார்கள்.

1974இல் யோகராசா பின்வீட்டை நெல் அடுக்கக் கேட்டார். அறுவடை முடியட்டும் என்றாள் இராசம்மா. அவர் வழக்குப் போட்டார். வழக்கு இழுபட்டது. அப்போதுதான் அவருக்குக் குறுக்குவழி ஒன்று தெரிந்தது. "இனி அவளுக்கு ஊத்தாதையும்," என்று சிவக்கொழுந்திடம் சொன்னார்.

மூன்று நாள் இராசம்மா வாய்க்காலுக்கு நடந்தாள். நான்காம் நாள் சின்னவளுக்குக் காய்ச்சல். இராசம்மா நேரே போய்த் தன் வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள்.

யோகராசா ஓடி வந்தார். "எடியே! உன்ர சாதி வாளி விழுந்த தண்ணியை நாங்கள் எப்பிடிக் குடிக்கிறது?" வாளி வேலிக்கு அப்பால் பறந்தது. அன்று பின்னேரமே கிணற்றை இறைத்து மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அதே கிணற்றில் போன மாதம் ஒரு காகம் செத்து மிதந்தது. அதற்கு ஒருவரும் மஞ்சள் தேடவில்லை.

சாதியைச் சொல்லித் தண்ணீர் மறுப்பது குற்றம் என்று 1957இலேயே சட்டம் வந்திருந்தது. இராசம்மா பொலிசுக்குப் போனாள்.

"நேற்று வரைக்கும் வீட்டு வழக்கு. இண்டைக்குச் சாதி வழக்கோ?" என்று சிரித்தார் சார்ஜன்ட்.

"இரண்டும் ஒரே ஆள்தான் ஐயா செய்யிறார்."

வழக்குப் பதிவானது. யோகராசாவின் சட்டத்தரணி அவளை மரியாதையாகவே கேட்டார்.

"இந்தப் பதினொரு வருடத்தில் நீர் அந்தக் கிணற்றில் அள்ளியிருக்கிறீரா?"

தன்னைத் திமிர் பிடித்தவள் என்று அவர்கள் சொல்லப்போகிறார்கள் என்றுதான் இராசம்மா பயந்திருந்தாள். அதனால் நிமிர்ந்து நின்று சொன்னாள்: "ஒருநாளும் இல்லை ஐயா. கிணத்துக்கட்டைக்கூடத் தொட்டதில்லை. அவ்வளவு ஒழுங்கா இருந்தனான்."

சட்டத்தரணி உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அது போதும். அள்ளும் உரிமை அவளுக்கு என்றுமே இருந்ததில்லை என்பது அவர் வாதம். இல்லாத உரிமையை யார் மறுப்பது? அடங்கி நடந்ததற்கு நற்சாட்சி சொல்கிறேன் என்று நினைத்து, தன் வழக்கைத் தானே புதைத்துவிட்டாள். அவளை அள்ளவிடாமல் வைத்ததே சாதிதானே என்று ஒருவர் எழுந்து கேட்டிருக்க வேண்டும். அவள் பக்கத்தில் சட்டம் படித்தவர் எவரும் இல்லை.

மிச்சமிருந்தது சிவக்கொழுந்தின் சாட்சி. யோகராசா கத்தியபோது அவள் கிணற்றடியில்தான் நின்றாள்.

"சத்தம் கேட்டது. சொல்லு விளங்கேல்லை," என்றாள், நிலத்தைப் பார்த்தபடி. அவளும் அவருடைய வீட்டில்தான் குடியிருந்தாள்.

யோகராசா விடுதலையானார். வீட்டு வழக்கில் அதே தீர்ப்பைக் காட்டி, இவள் பொய்வழக்குப் போடுபவள் என்றார்கள். அடுத்த அறுவடைக்கு முன்பே இராசம்மா வெளியேற்றப்பட்டாள். விடத்தல்தீவுப் பக்கம் ஒரு கொட்டிலில் இருப்பதாகக் கேள்வி. பிள்ளைகளின் படிப்பு நின்றுவிட்டது. மேன்முறையீடு என்ற சொல்லை அவளுக்கு எவரும் சொல்லவே இல்லை.

சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. அது தானாக எழுந்து நீதிமன்றத்துக்கு நடக்காது. உங்கள் ஊரிலும் ஒரு கிணற்றடியில் அந்தச் சொல் இன்றைக்கும் கத்தப்படுகிறது. அது உங்கள் காதில் விழுகிறது. விளங்கவில்லை என்று சொல்லாதீர்கள். சாட்சிக் கூண்டில் ஏறுங்கள்; கேட்ட சொல்லை, சொன்னவர் பெயரோடு, உரக்கச் சொல்லுங்கள்.