பூசாமல் விட்ட சுவர்

உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர்கள் பூச்சே இல்லாத கான்கிரீட்டில் தேவாலயம், அருங்காட்சியகம் எல்லாம் கட்டிப் பேர் வாங்கியிருக்கிறார்கள். அந்த ஆசையில்தான் வேப்பம்பட்டில் என் வீட்டையும் அப்படிக் கட்டினேன். தெருவே என் உயிரை வாங்கியது.

"இன்னா சார், பூச்சு வேல எப்போ?"

விளக்கி விளக்கி வாய் வலித்ததுதான் மிச்சம்.

குடும்பத்தோடு வெளியூர் போய்த் திரும்பினால், முன்சுவர் முழுக்கப் பூசியிருந்தது! எதிர்வீட்டு மேஸ்திரி சிமெண்ட் கையோடு நின்றார்.

"எங்க ஊட்டு வேலைல மிஞ்சின சிமெண்ட்டு சார். நீ கஷ்டத்துல கீறன்னு தெரியும். துட்டெல்லாம் வாணாம், உடு."

கத்தத்தான் வாயைத் திறந்தேன். "டீ சாப்பிடுறீங்களா?" என்றுதான் வந்தது.

இன்றும் அந்தச் சுவரைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் தினமும் காலையில் அவர் அதை ஒருமுறை பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறார். எப்படிக் கொத்தி எடுப்பேன்?