கம்பி தட்டிய இடம்

பிளாக்டவுனில் எங்கள் கராஜ் கதவைப் பாதி உயர்த்தி வைத்தால் பிற்பகல் வெயில் மேசை வரை வந்து நிற்கும். அந்த வெயிலில்தான் மனைவியின் தோட்டாக் கூடுகளைப் பரிசோதிப்பேன். சுடுவது அவள். ஓய்வு பெற்றதும் அவளுடைய தோழிகள் யோகாவுக்குப் போனார்கள். இவள் துப்பாக்கி சுடும் கழகத்தில் சேர்ந்தாள். குறி பார்க்க எனக்குக் கண் போதாது. ஆனால் முப்பது வருடம் மற்றவர்களின் வெல்டிங்கில் குறை கண்டு சம்பளம் வாங்கியவன் என்பதால் கூடுகளின் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது.

குண்டு பறந்துபோகும், பித்தளைக் கூடு மிஞ்சும். அதைக் கழுவி, நீளம் சரிசெய்து, கழுத்தைச் சூடாக்கி, மருந்தும் புதுக் குண்டும் வைத்து மறுபடி பாவிப்போம். ஒவ்வொரு தடவை சுடும்போதும் அடிப்பக்கத்துச் சுவர் கொஞ்சம் மெலியும். மிகவும் மெலிந்தால் அந்த இடத்தில் அறுந்து, சூடான வாயு சுடுபவரின் முகத்துப் பக்கம் வரலாம். அதனால் நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டு மெல்ல இழுத்துப் பார்ப்பேன். மெலிந்த இடத்தில் நுனி தட்டும். விரலுக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை மேசையில் ஐம்பது கூடுகள் இருந்தன. மறுநாள் இறுதிப் போட்டி. எல்லாமே அவளுடைய துப்பாக்கியில் சுட்டு அதற்கென்றே பொருந்தியவை. வேறு கூடுகள் இல்லை. தீயில் காட்டிய கழுத்துகளில் நீலமும் ஊதாவும் படிந்திருந்தன. கம்பி உரசும் ஓசை, தூரத்தில் யாரோ ஈரமணலில் நடப்பது போலக் கேட்டது. பார்த்ததைக் கவிழ்த்து வைத்தேன், அடுத்ததை எடுத்தேன். நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்தன. நான் அந்த மணலில் வெகுதூரம் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது ஐம்பதும் கவிழ்ந்திருந்தன. வழியில் எங்கோ கம்பி தட்டியிருந்தது. விரல் கவனித்திருக்கிறது, எந்தக் கூட்டில் என்று எனக்குத்தான் சொல்லவில்லை.

மனைவி கராஜுக்குள் வந்தாள். "முடிஞ்சுதே?"

"முடிஞ்சுது எண்டு சொல்லலாம்."

"சொல்லலாமெண்டால்?"

"ஒண்டில கம்பி தட்டினது. எதெண்டு தெரியேல்லை."

"நித்திரை கொண்டனீங்களோ?"

"இல்லை. யோசிச்சுக்கொண்டு இருந்தனான்."

"அதைத்தான் நானும் கேட்டனான்."

ஐம்பதையும் மறுபடி பார்த்தேன். ஒன்றிலும் தட்டவில்லை. மூன்றாம் தரம் பார்த்தபோது எல்லாவற்றிலும் தட்டுவது போலிருந்தது. பயந்த விரல் நல்ல கருவி அல்ல. சந்தேகம் வந்தால் முழுத் தொகுதியையும் ஒதுக்க வேண்டும் என்பது நானே வகுத்த விதி. அதைச் சொன்னேன்.

"அப்ப நாளைக்குப் போகேலாது," என்றாள். "அடுத்த வருசம் என்ர கண் என்ன சொல்லுமோ தெரியாது."

அவள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கம்பியைத் தாங்கோ. துவக்கில கன்னம் வைச்சுச் சுடுறது நான்தானே."

கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வெயில் மேசையிலிருந்து இறங்கித் தரைக்குப் போய்விட்டது. முப்பதைத் தாண்டி ஒரு கூட்டில் கை நின்றது. இன்னொரு தரம் இழுத்தாள். "இது."

இரும்பறுக்கும் வாளால் அதை நெடுக்காக அறுத்தேன். உட்சுவரில், அடிக்குச் சற்று மேலே, தலைமயிர் அளவில் ஒரு வளையம் மினுங்கியது. எத்தனையோ குழாய்களில் நான் பிடித்த குறைகள் எதுவும் இவ்வளவு அழகாக இருந்ததில்லை.

"வடிவாத்தான் இருக்கு," என்றாள் அவள். மிச்சத்தையும் பார்த்து முடித்தாள். பிறகு எல்லாவற்றையும் நிமிர்த்தி வைத்து முதலிலிருந்து மறுபடி தொடங்கினாள். "போட்டிக்கு நாப்பத்தொன்பது காணும். நீங்கள் போய்த் தேத்தண்ணி போடுங்கோ."

"சீனி?"

"ஒரு கரண்டி. யோசிச்சுக்கொண்டு போடாதேங்கோ."

குசினியில் ஒரு கரண்டி போட்டேன். ஒன்றுதானா என்று சந்தேகம் வந்தது. தேத்தண்ணி முழுவதையும் தொட்டியில் ஊற்றிவிட்டுக் கேத்தலில் மறுபடி தண்ணீர் பிடித்தேன்.