வேப்பிலைக்கு வெளியே நின்ற வாத்தியார்

எங்கள் வீட்டில் அம்மை போட்டிருந்த நாட்களில், வாசலில் கட்டிய வேப்பிலையைத் தாண்டி ஒருவரும் வரவில்லை. ஆனால் விடிந்து பார்த்தால் வேலிக் கம்பத்தடியில் சீவி வைத்த இளநீர் ஒன்று இருக்கும். யார் வைத்தது என்று தெரியாது. அம்மனே அனுப்புகிறாள் என்று கும்பிட்டு எடுத்துப்போய் என் மகள் சொர்ணத்துக்குக் கொடுப்பேன்.

அவளுக்கு அப்போது பதிமூன்று வயது. பூந்தமல்லியில் எட்டாங் கிளாஸ் பரீட்சை எழுத மூன்று வாரம் இருந்தது. தேறினால் உபாத்தியாயினி டிரெயினிங். தவறினால் கல்யாணம் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார்.

அவளுக்குக் கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக் கொடுத்தவர் ஜம்புலிங்கம் வாத்தியார். ஆவடியில் ஒரு கான்டிராக்டரிடம் குமாஸ்தாவாக இருந்து, சண்டை போட்டு வெளியே வந்தவர். திருமுல்லைவாயிலில் ஒரு பழைய வண்டிக் கொட்டகையில் சாயங்காலம் பிள்ளைகளை உட்கார வைப்பார். சிலேட்டைத் தொட விடமாட்டார். கணக்கைப் படிப்படியாக வாயால் சத்தமாகச் சொல்ல வேண்டும். தடுமாறாமல் சொன்ன பிறகுதான் எழுத்து. நான் நாலாங் கிளாஸோடு நின்றவள். எனக்கு அது புதிதாக இருந்தது. அவர் வாய் மட்டும் பொல்லாதது. ஊரில் அவரைப் பிடித்தவர் யாருமில்லை.

ஊர்ப் பெரியதனக்காரர் எத்திராஜின் மகனும் அங்கேதான் படித்தான். இரண்டு வருஷம் பரீட்சையில் தவறினான். "எம் புள்ளைக்கு இன்னாய்யா கொறைச்சல்?" என்று கேட்டுக் கொட்டகைக்கு வந்தார் எத்திராஜ்.

"ஒரு கொறையும் இல்ல நைனா. அவன் வாயத் தொறக்கறதுக்குள்ள நீ பேசிடுற."

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பை எத்திராஜ் மறக்கவில்லை.

அம்மை போட்ட ஏழாம் நாள் சொர்ணத்துக்குக் காய்ச்சல் விட்டது. அன்று வேலிக்கு வெளியே வாத்தியார் குரல் கேட்டது.

"சொர்ணம்! ஒரு கொழா தொட்டிய மூணு மணியில ரொப்பும். இன்னொண்ணு ஆறு மணியில. ரெண்டையும் தொறந்தா?"

அம்மை கண்ட வீட்டு வாசலில் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, சத்தமே கூடாது. நான் பதறி ஓடினேன். "வாத்தியாரே, ஆத்தா கோச்சிக்குவா. போயிடுங்க."

"ஆத்தாளும் கேட்டுக்கட்டும். நல்ல கணக்கு."

உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது. "ரெண்டு மணி, சார்." ஒரு வாரமாகப் பேசாத பெண் பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் அவர் வந்து கத்தினார்.

ஒன்பதாம் நாள் எத்திராஜ் மகனுக்கும் அம்மை போட்டது. அவர் நாலு பேரோடு எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்.

"அந்த வாத்தி கத்துனதுலதான் ஆத்தா என் ஊட்டுக்கு வந்துட்டா. கத்துனானா இல்லியா? நீயே சொல்லும்மா."

"கத்தினாரு," என்றேன். பொய் இல்லை. ஆனால் அந்தக் குரலுக்கு என் மகள் எழுந்து உட்கார்ந்ததை நான் சொல்லவில்லை.

கொட்டகையைப் பிரித்தார்கள். சிலேட்டுகளைக் காலால் மிதித்து உடைத்தார்கள். ஒருவன் அவர் மேல் சாணியைக் கரைத்து ஊற்றினான். அப்போதும் அவர் வாய் ஓயவில்லை. "நாலு பேர் ஒரு மணியில பிரிச்சா, எட்டு பேர் எவ்ளோ நேரத்துல பிரிப்பீங்க? அதையாச்சும் சொல்லிட்டு ஒடைங்கடா!" மறுநாளே ஊரை விட்டுப் போக வேண்டும் என்றார்கள்.

அவர் போன பிறகு கம்பத்தடியில் இளநீர் இல்லை. மரமேறி வேம்புலியைக் கேட்டேன். "வாத்தியாருதாம்மா தெனம் வாங்கினு வந்து வெச்சாரு. சொல்லாதேன்னாரு," என்றான். அனுப்பியது அம்மன்தான் என்று இன்றும் நம்புகிறேன். யார் கையில் கொடுத்து அனுப்பினாள் என்பதுதான் எனக்குத் தெரியாமல் போயிற்று.

முகத்துத் தழும்போடு சொர்ணம் பரீட்சை எழுதினாள். தேறினாள். பரீட்சைக்கு முன், இந்த முகத்தோடு போக வேண்டாம் என்று அவள் அப்பா தடுத்தபோது, கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக அவரை எதிர்த்துப் பேசினேன். ஊரை விட்டுப் போன அன்று, தகரப் பெட்டியோடு எங்கள் வேலி ஓரமாக ஸ்டேஷனுக்கு நடந்த வாத்தியார் சொல்லிவிட்டுப் போனது என் காதிலேயே இருந்தது.

"மன்னிச்சிடுங்க வாத்தியாரே," என்றேன், வேப்பிலைக்கு உள்ளே நின்று.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மன்னிக்கிற ஆளு நான் இல்ல. அதுக்கு உங்க ஆத்தாளக் கேளு. அம்மை எறங்கி தலைக்கு மூணாந் தண்ணி ஊத்துனதும் பொண்ண பூந்தமல்லிக்கு இட்டுகினு போ. போவலேன்னு கேள்விப்பட்டேன்னா, திரும்பி வந்து இதே வாசல்ல நின்னு கத்துவேன்."