அக்காவின் கூந்தலும் என் சைக்கிளும்

நான் பழனியில் முடி இறக்குகிறவன். வருகிற பக்தர்களின் தலையை நனைத்து, குனிய வைத்து, மழித்து அனுப்புவதுதான் முப்பது வருஷமாக என் பிழைப்பு. அதனால் எனக்கு ஒரு கோளாறு உண்டு. யாருடைய முகமும் மனதில் தங்காது, தலைதான் தங்கும். பெண் பார்த்துவிட்டு வந்த அன்று, “பொண்ணு எப்படிடா?” என்று அம்மா கேட்டாள். “வலது பக்கம் சுழி” என்றேன். முதுகில் ஒன்று விழுந்தது.

நாள் முழுக்க அடுத்தவர் தலைமேல் குனிந்து குனிந்து என் முதுகு வளைந்துவிட்டது. கூடவே சர்க்கரையும் வந்து சேர்ந்தது. டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார். கொடைக்கானலில் டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விட்டு அலுத்துப்போன ஒரு லாட்ஜ்காரரிடம் பழைய கிராவல் சைக்கிள் ஒன்றை வாங்கி வந்தேன். தடித்த டயர், கிடாக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார். மண் ரோடு, சரளைக்கல் ரோடு எல்லாம் போகும் என்றார். என் மனைவி அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “கேரியர் இல்ல, மணி இல்ல, ஸ்டாண்டு இல்ல. இதுல என்னதாங்க இருக்கு?” என்றாள். 

போன வருஷம் இதே போல எதுவுமில்லாத ஒரு காரியத்தை என் அக்காவும் செய்தாள். அவளைக் கட்டிக்கொடுத்தது கொடைக்கானல் மலைமேல் போளூரில். பூண்டும் கேரட்டும் முட்டைக்கோசும் விளைகிற ஊர். அங்கே அரை ஏக்கரில் பூண்டை எடுத்துவிட்டு லாவண்டர் என்ற வாசனைப் பூச்செடியை நட்டாள். எண்ணெய் இறக்குகிறவர்கள் வந்து வாங்கிக்கொள்வார்களாம். ஊரே சிரித்தது. எல்லாரையும் விட நான் சத்தமாகச் சிரித்தேன்.

“பூண்டு போடுற காட்டுல போய் சோப்பு வாசனைக்கு வெள்ளாமையா?” என்று போனில் கேட்டேன்.

“அம்பது வயசுல நீ கொம்பு வச்ச சைக்கிள் ஓட்டலாம், நான் பூப்போடக் கூடாதோ?” என்றாள்.

பேச்சு வளர்ந்தது. கடைசியில் அவள் சொன்னாள்: “ஏலே, பூ எடுக்குற அன்னைக்கு நீ பூம்பாறையிலருந்து போளூருக்கு, ஒரு வண்டியிலயும் ஏறாம அந்த சைக்கிள்லயே வந்துட்டேன்னா நான் மொட்டை போட்டுக்கிடுறேன். அதுவும் உன் கையாலயே. வரலேன்னா என் பூவைப் பத்தி ஆயுசுக்கும் வாயைத் தெறக்கக் கூடாது.”

ஊரில் எல்லாரும் பேச்சுக்குப் பேச்சு மொட்டை போட்டுக்கொள்வதாகச் சொல்வார்கள், மறுநாள் எண்ணெய் தேய்த்துச் சீவிக்கொண்டு வருவார்கள். அக்கா அந்த ரகம் இல்லை. பத்து வயதில் ஒருநாள், இனி உப்புமாவைத் தொடமாட்டேன் என்று சொன்னாள். அவள் கல்யாணத்தன்று காலைப் பந்தியில் உப்புமா போட்டார்கள். மணப்பெண் பட்டினியாக மணையில் உட்கார்ந்தாள். இன்றைக்கு வரை தொட்டதில்லை.

அவள் கூந்தலைப் பற்றியும் சொல்லவேண்டும். ஐம்பத்துமூன்று வயதில் இடுப்புக்குக் கீழே தொங்குகிறது. தொழில்காரன் கண்ணால் சொல்கிறேன், இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு முடியை நான் தொட்டதில்லை.

பூ எடுக்கும் நாள் வந்தது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வேன் ஒன்றில் சைக்கிளைப் போட்டு, வெள்ளனே மலைமேல் பூம்பாறையில் போய் இறங்கினேன். பையில் தண்ணீர், நாலு வாழைப்பழம். கூடவே துணியில் சுற்றிய சவரக்கத்தியும் புது பிளேடும். அக்காவை மிரட்டுவதற்கு. எப்படியும் ஜெயிப்பது என்ற வெறியில் இருந்தேன்.

முதல் ஏற்றத்திலேயே பாதி வெறி இறங்கிவிட்டது. தார் ரோட்டை விட்டு மண் பாதையில் திரும்பியதும் சரளைக்கல் டயருக்குக் கீழே மொறுமொறுவென்று பேச ஆரம்பித்தது. கேரட் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். “அண்ணே, எறங்கித் தள்ளுங்க, வெரசா போவீங்க!” என்றாள் ஒருத்தி. அது உண்மைதான். ஆனால் பந்தயத்தில் தள்ளலாமா கூடாதா என்று பேசி முடிவு செய்திருக்கவில்லை. அதனால் தள்ளாமலேயே, தள்ளுகிற வேகத்தில் ஓட்டினேன்.

பின்னாலிருந்து ஒரு ஜீப் வந்து நின்றது. “போளூருக்குத்தானே? ஏறிக்கிடுங்க” என்றார் டிரைவர். முடியாது என்று தலையாட்டினேன், பேச மூச்சு இல்லை. அவர் குரங்குக் குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். இரட்டைச் சுழி! இடது பக்கச் சுழிக்குக் கீழே ஒரு தழும்பு. “மூணு வருஷத்துக்கு முன்னால, கைக்குழந்தையோட வந்து நீங்களும் முடி எறக்குனீங்க” என்றேன். மனுஷன் ஆடிப்போய்விட்டார். என்னை ஏதோ அருள்வாக்குச் சொல்கிறவன் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த வளைவில் பாதைக்கு நடுவே ஒரு காட்டுமாடு நின்றது. கறுத்த உடம்பு, காலில் வெள்ளை ஸ்டாக்கிங்ஸ். அது என் ஹேண்டில்பாரைப் பார்த்தது, நான் அதன் கொம்பைப் பார்த்தேன். எங்களுக்குள் ஏதோ உறவுமுறை இருப்பதாக அது நினைத்திருக்கவேண்டும், நகரவே இல்லை. ஒரு வாழைப்பழத்தைத் தின்றேன். இரண்டாவதைத் தின்றேன். மூன்றாவதை உரிக்கும்போது, இவனுக்கு மரியாதை தெரியவில்லை என்பதுபோலப் பெருமூச்சு விட்டுவிட்டுச் சோலைக்குள் இறங்கிப் போனது.

திரும்பவும் அந்த ஜீப். இம்முறை கோஸ் மூட்டை ஏற்றிக்கொண்டு எதிரே வந்தது. “சாமி, இன்னுமா வாரீங்க?” என்றார் டிரைவர். “நான் லோடு எறக்கிட்டு மறுபடி இப்படித்தான் வருவேன். அப்பவாச்சும் ஏறுங்க.” ஏறமாட்டேன் என்று வீரமாகச் சொன்னேன். அவர் போனதும் இறங்கி ஹேண்டில்பார்மேல் சாய்ந்துகொண்டேன்.

இப்படியே நாலு மணி நேரம். கடைசி மேட்டின் உச்சியில் மூச்சு வாங்க நிறுத்தியபோது, கீழே சரிவில் போளூர் தெரிந்தது. பூண்டுக்காட்டுப் பச்சைக்கு நடுவே ஒரே ஒரு துண்டு மட்டும் ஊதா. வரிவரியாக, வகிடு எடுத்துச் சீவிவிட்ட மாதிரி. நான் சோப்பு என்று கேலி பேசியது இதைத்தான். வெட்கமாக இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி உட்கார்ந்திருந்தது. தலையை வைத்து ஆளைச் சொல்கிறவனுக்கு அது யார் என்று தெரியாதா?

இனி இறக்கம்தான். மிதிக்கக்கூட வேண்டாம், சைக்கிள் தானாகவே போய்ச் சேரும். நான் ஜெயித்துவிட்டேன். பையில் தண்ணீர் எடுக்கக் கையை விட்டேன், விரலில் சவரக்கத்தி தட்டுப்பட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் போய்ச் சேர்ந்தால் அவள் மொட்டைக்கு உட்கார்ந்துவிடுவாள். சும்மா சொன்னேன் என்று சொல்லத் தெரியாத பிறவி. வேண்டாம் என்று நான் சொன்னால் தானே பழனிக்கு பஸ் ஏறி வேறு ஆளிடம் தலையைக் கொடுப்பாள். கல்யாணப் பந்தியில் பட்டினி கிடந்தவளாயிற்றே. எனக்குப் பயமாகிவிட்டது. லட்சம் தலையை மழித்தவனுக்கு அந்த ஒரு தலையை மட்டும் மழிக்க மனசு வரவில்லை. நாலு மணி நேரமாக எதற்கு மிதித்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டு கல்லின் மேல் உட்கார்ந்தேன்.

ஜீப் மூன்றாவது முறையாக வந்தது. கையைக் காட்டினேன்.

“இம்புட்டு தூரம் வந்துட்டு, எறக்கத்துலயா ஏறுறீங்க?” என்றார் டிரைவர்.

“டயர் பஞ்சருங்க” என்றேன்.

சைக்கிளை மேலே கட்டினார். ஐந்து நிமிஷத்தில் அக்காவின் காட்டு ஓரம் இறங்கினேன். அங்கே நான் கண்ட காட்சி: அக்கா ஒரு பலகையில் உட்கார்ந்திருக்கிறாள், தோளில் துண்டு, பக்கத்தில் வாளியும் மக்கும். கூந்தலை அவிழ்த்து நனைத்து, சொட்டச் சொட்ட முன்னால் தொங்கவிட்டிருக்கிறாள். மச்சான் கொஞ்சம் தள்ளி, பார்க்க மனமில்லாமல் வேறு திசையில் நின்று பீடி குடிக்கிறார்.

முடிக்கு நடுவிலிருந்து அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு ஜீப்பைப் பார்த்தாள்.

“என்னடா இது?”

“பஞ்சர்க்கா. நான் தோத்துட்டேன்.”

எழுந்து வந்தாள். சைக்கிளின் முன் டயரைக் கட்டைவிரலால் அழுத்தினாள். கல் மாதிரி இருந்தது. பின் டயரையும் அழுத்தினாள். அதுவும் கல். நான் வானத்தில் மேகம் பார்த்தேன். அவள் ஈரக் கூந்தலை முறுக்கிப் பிழிந்து கொண்டை போட்டாள். “வா, பசியோட வந்திருப்பே” என்று மட்டும் சொன்னாள்.

சோறும் உருளைக்கிழங்குக் குழம்பும் பூண்டுத் துவையலும் தின்று முடித்ததும் கையில் அரிவாளைக் கொடுத்தாள். “கத்தியெல்லாம் கொண்டாந்திருப்பியே. கைக்குச் சோலி வேணும்ல, இதை அறு.”

முதல் செடியின் கொத்தைப் பிடித்து, பழக்கதோஷத்தில் அடியோடு வைத்தேன் அரிவாளை.

“ஏலே! மொட்டை அடிச்சிறாத! கட்டையில வெட்டுபட்டா அப்புறம் தழையாது. பச்சைத் தழையை விட்டுட்டு மேலாப்புல எடு. கிராப்பு வெட்டு!”

முப்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கிராப்பு வெட்டினேன், வரி வரியாக, தேனீக்கள் காதைச் சுற்ற. கையெல்லாம் அந்த வாசனை. பூ நல்லா வந்திருக்குக்கா, நான் பேசினது தப்பு என்று செடியைப் பார்த்துச் சொன்னேன். செடிக்குக் கேட்டதோ என்னவோ, அடுத்த வரியில் அறுத்துக்கொண்டிருந்த அக்காவுக்குக் கேட்டது. கொண்டையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டி அவள் முதுகு நனைந்திருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலேயே சொன்னாள்:

“அந்த மேட்டுல நீ உக்காந்திருந்ததை இங்கருந்து பார்த்துக்கிட்டுதான்டா இருந்தேன். அடுத்த தடவை பஞ்சர்னு சொல்றதா இருந்தா, முன்னாடியே காத்தைப் புடுங்கி விட்டுட்டு வா.”