கத்தாமல் பார்த்த ஆட்டம்

2003ஆம் ஆண்டு. இலங்கை மலையகத்தில், பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியராக இருந்தேன். பெண் பிள்ளைகளின் உதைபந்தாட்ட அணியும் என் பொறுப்பு. எனக்குத் தெரிந்த ஒரே பயிற்சி முறை கத்துவது. நான் பதுளையில் நின்று கத்தினால் அடுத்த ஊரான ஹாலிஎலயில் கேட்கும் என்று சக ஆசிரியர்கள் கேலி செய்வார்கள். எனக்கு அதில் பெருமை வேறு!

"ஓடு, நில்லு, அடி, அவளுக்குக் குடு" என்று கோட்டோரமாக ஓடியபடி ஒவ்வொரு உதையையும் நானே சொல்லுவேன். பிள்ளைகள் பந்தைவிட என் வாயைத்தான் அதிகம் பார்த்தார்கள்.

அந்த வருடம் பதுளையில் ஒரு போட்டி. முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது சமநிலை. பந்து எங்கள் அணியின் நல்ல ஆட்டக்காரியிடம் இருந்தது. "அடி! நேரா அடி!" என்று கத்தினேன். அடித்தாள். அது எதிரணிப் பிள்ளையின் காலுக்குப் போய், அங்கிருந்து எங்கள் கோலுக்குள் போனது. தோற்றுவிட்டோம். வந்த கோபத்தில், எல்லாருக்கும் முன்னால், "இடது பக்கம் ஆள் சும்மா நிக்குதே, கண்ணு தெரியலையா? மூளை இருக்கா உனக்கு?" என்று ஏசினேன்.

மறுநாள் அவள் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. இனி விளையாடவே மாட்டாளாம் என்று மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள். போனால் போகட்டும் என்று நானும் வீம்பாக இருந்தேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் அவளுடைய அம்மா வந்தார். பறித்த தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு மலையிலிருந்து நேரே வந்திருந்தார். இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. சண்டைக்குத்தான் வருகிறார் என்று நானும் தயாராக நின்றேன்.

அவர் குரலை உயர்த்தவே இல்லை. "சார், இடது பக்கம் ஆள் நின்னத மவ பார்த்தாளாம். அங்க குடுக்கத்தான் காலைத் தூக்குனாளாம். நீங்க அடிக்கச் சொன்னீங்கன்னு அடிச்சாளாம். சொன்னதக் கேட்டதுக்கா சார் ஏசுனீங்க?"

அதோடு விடாமல் தன் வேலையையும் சொன்னார்.

"கங்காணி காலையில ஆளுக்கொரு தேயிலை நெரைய காட்டுவாரு, அம்புட்டுதான். எந்தக் கொழுந்த எடுக்கணும், எத விடணும்னு எங்க கண்ணுதான் பார்க்கும். கை இந்தச் செடியில இருக்கயிலயே கண்ணு அடுத்த செடிக்குப் போயிரும். ஒவ்வொரு கொழுந்துக்கும் பக்கத்துல நின்னு கத்துனா எங்களுக்குக் கையே ஓடாது சார்."

மறுநாள் அந்தப் பிள்ளையை வகுப்பிலிருந்து கூப்பிட்டு, அணி முழுவதற்கும் முன்னால், "தப்பு எம்மேலதாம்மா" என்றேன். அவள் குனிந்த தலை நிமிராமல், "அப்ப இனிமே கத்த மாட்டீங்களா சார்?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

அன்று பின்னேரமே அவள் பயிற்சிக்கு வந்துவிட்டாள். அதன்பிறகு பயிற்சியே மாறியது. பந்து காலுக்கு வருமுன்பே திரும்பிப் பார்த்து, பின்னால் நிற்பவள் எத்தனை விரல் காட்டுகிறாள் என்று சொல்ல வேண்டும். ஆட்டத்தை இடையில் நிறுத்தி, "இப்ப யாருக்குக் குடுப்பே? ஏன்?" என்று கேட்பேன். முதலில் திருதிருவென்று விழித்தார்கள். பிறகு என்னோடே வாதாட ஆரம்பித்தார்கள்.

இரண்டு மாதத்தில் அதே அணியோடு மறுபடியும் ஆட்டம். வாயை அடக்க முடியாமல், வியர்வை துடைக்கத் தோளில் போட்டிருந்த துவாயைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசி நேரம், மறுபடியும் சமநிலை, பந்து அவளிடம், எதிரே கோல். "அடி" என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது. அவள் அடிக்கவில்லை. வலது பக்கம் தட்டிவிட்டாள். அங்கே எங்கள் அணியின் ஆகச் சிறிய பிள்ளை தனியாக நின்றிருக்கிறாள்! நான் நின்ற இடத்திலிருந்து அந்தச் சின்னவள் தெரியவே இல்லை. பந்து உள்ளே போனதும் துவாயை வீசிவிட்டு நான் குதித்த குதியை அந்தப் பிள்ளைகள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அன்று வேலை நாள் என்பதால் அந்த அம்மா ஆட்டத்துக்கு வரவில்லை. மறுநாள் வழியில் கண்டு வென்றதைச் சொன்னேன். "கத்துனீங்களா சார்?" என்றுதான் முதலில் கேட்டார். "இல்லக்கா, வாயே தொறக்கல" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே மலைக்கு ஏறிப் போனார்.

நாள் முழுக்கக் கொழுந்து பறித்த களைப்போடு அவர் அன்று என்னைத் தேடி வந்திராவிட்டால், ஒரு நல்ல ஆட்டக்காரியைத் துரத்திவிட்டு, குற்றம் அவளுடையது என்றே நான் இன்றுவரை நம்பிக்கொண்டிருந்திருப்பேன்.