ஷாலினியின் ரிசல்ட் ஸ்லிப்

1. மறுக்காத இடம்

"அக்கா, நான் ரிஜெக்ட் பண்ணவே இல்ல. வேற யாரோ பண்ணிட்டாங்க."

கிள்ளானில் ஒரு டியூஷன் சென்டரில் நான் அட்மின். அன்று என் கவுண்டர் முன்னால் நின்று இப்படிச் சொன்னவள் ஷாலினி, எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வு எழுதிய எங்கள் மாணவி. ஒரு தனியார் கல்லூரி அவளுக்கு முழு உபகாரச் சம்பளத்தோடு தாதியர் படிப்புக்கு இடம் கொடுத்திருந்தது. ஏற்றுக்கொள்வதாக ஆன்லைனில் பதில் போடப் போனால், 'நீங்கள் ஏற்கெனவே மறுத்துவிட்டீர்கள்' என்று வந்திருக்கிறது.

நானே கல்லூரிக்குப் போன் போட்டேன். இடம் அடுத்த ஆளுக்குப் போய்விட்டதாம். ஐசி என்கிற அடையாள அட்டை நம்பரும் தேர்வு எண்ணும் சரியாகப் போட்டுத்தான் மறுப்பு பதிவாகியிருக்கிறது, அதனால் கல்லூரியின் கணக்கில் மறுத்தது மாணவிதான் என்றார்கள். எவ்வளவு கெஞ்சியும் அதே பதில்தான்.

இரண்டு நம்பரும் எப்படி வெளியே போயின என்று கேட்டேன். ஷாலினி தன் போனை என் பக்கம் திருப்பினாள். எங்கள் சென்டரின் இணையப் பக்கத்தில் நான் ஏற்றிய போஸ்டர். ரிசல்ட் ஸ்லிப்பைக் கன்னத்தோடு பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பெரிதாக்கிப் பார்த்தால் எல்லா எண்ணும் பளிச்சென்று தெரிகிறது.

2. கறுப்புப் பட்டை

ரிசல்ட் நாளில் ஸ்லிப்போடு படம் எடுத்துப் போடுவது எல்லா சென்டரிலும் வழக்கம். ஷாலினியின் போஸ்டரையும் நான் முதலில் நம்பர்களின் மேல் கறுப்புப் பட்டை போட்டுத்தான் செய்தேன். சென்டர் முதலாளியான பாஸ் பார்த்தார்.

"என்னம்மா இது, மறைச்சு வச்சிருக்க? எதிர்த்த சென்டர்காரன் பொய் ரிசல்ட்டுன்னு சொல்லுவான் லா. எடுத்துடு."

ஏர்கான் ரிப்பேருக்குக்கூட அவரோடு மல்லுக்கு நிற்கிறவள் நான். அன்று பார்த்து வாயை மூடிக்கொண்டு பட்டையை எடுத்தேன். நினைத்தால் இன்றும் ஆறவில்லை.

3. அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்

போஸ்டரை உடனே நீக்கினேன். போலீஸ் ரிப்போர்ட் போடலாம், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்றேன். அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள். காப்பாரில் லோரி ஓட்டும் அவள் அப்பா, அந்தப் போஸ்டரைக் கோயில் குரூப், லோரிக்காரர்கள் குரூப், ஜெஞ்சாரோம் சொந்தக்காரர்கள் குரூப் என்று ஒன்று விடாமல் அனுப்பியிருந்தார். செய்தவன் எங்கள் இணையப் பக்கத்தில் பார்த்தானா, அவர் அனுப்பியதில் பார்த்தானா, யாருக்குத் தெரியும்?

"தெரிஞ்சா, தான்தான் கெடுத்துட்டோம்னு உடைஞ்சு போயிடுவாரு அக்கா. எனக்கு நர்சிங் புடிக்கல, நான்தான் வேணாம்னுட்டேன்னு சொல்லிக்கிறேன். நீங்களும் சொல்லிடாதீங்க."

சொல்லவில்லை. ரிப்போர்ட்டும் போடவில்லை. யார் செய்தது என்று கடைசிவரை தெரியவில்லை.

4. அவர் போனில் இருக்கும் படம்

அதன்பிறகு பட்டை இல்லாமல் எந்த ஸ்லிப்பும் என் கையைத் தாண்டியதில்லை. பிடிக்கவில்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பாஸிடம் சொல்லிவிட்டேன். முணுமுணுத்தார், அவ்வளவுதான். மாணவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்: ஸ்லிப், ஐசி, கல்லூரி ஆஃபர் லெட்டர் எதையும் படம் பிடித்துப் போடாதீர்கள். பாஸானதைச் சொல்ல உங்கள் சிரித்த முகமே போதும். அப்பா அம்மாவிடமும் சொல்லி வையுங்கள்; பெருமையில் அவர்களுக்குக் கை நிற்காது.

போன மாதம் கிள்ளான் பாசார் சந்தையில் ஷாலினியின் அப்பாவைப் பார்த்தேன். அவள் இப்போது ஒரு கிளினிக் கவுண்டரில் மருந்து எடுத்துக் கொடுக்கிறாள். "கொழுப்பும்மா அவளுக்கு. தேடி வந்த படிப்ப எட்டி ஒதைச்சுட்டா," என்றார். பேசிக்கொண்டே போனை என் கையில் கொடுத்தார். அவருடைய புரொஃபைல் படமாக இன்னும் அதே போஸ்டர்.

"நம்பரெல்லாம் தெரியுது அண்ணே. மாத்திடுங்களேன்."

"இருக்கட்டும்மா. அவ படிச்சதுக்கு என்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான்."

போனைத் திருப்பிக் கொடுத்தேன்.